தரங்கம்பாடி வரலாற்று நடை: நகர வாயிலில் தொடங்குவதா, கடற்கரையில் தொடங்குவதா?

மாயூரத்து வாத்தியார்:

அனைவருக்கும் வணக்கம். மார்கழி விடுமுறைக்கு முன்பாக ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் முப்பது பேரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்று, காலைப் பொழுது முழுவதும் ஊரை நடந்தே காட்டுவதாகத் திட்டமிட்டிருக்கிறேன். மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். ஊரும் சிறியது. நகர வாயிலில் நுழைந்து ராஜ வீதி வழியாக நேரே நடந்தால், வேகமாக நடப்பவர் பத்து நிமிடத்தில் கடலைப் பார்த்துவிடுவார். இந்தப் பத்து நிமிட வழியை மூன்று மணி நேரமாக விரிப்பதுதான் என் எண்ணம்.

நான் வகுத்திருக்கும் வழியைச் சொல்கிறேன். முன்பு டென்மார்க் நாட்டு டேனியர்கள் ஆண்ட ஊர் இது. 1792 என்ற ஆண்டும் டேனிய அரச முத்திரையும் கொண்ட நகர வாயிலில் பிள்ளைகளை இறக்கிவிடுவேன். அங்கிருந்து ராஜ வீதியில் 1701 இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம், 1718 இல் சீகன்பால்கு என்ற செருமானியப் பாதிரியார் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம், பழைய டேனிய அதிகாரிகளின் தூண் வைத்த வீடுகள் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே அணிவகுப்புத் திடலுக்கு வருவோம். திடலில் ஆளுநர் மாளிகையைக் காட்டிவிட்டு, கடைசியாக டேனியர்கள் கட்டிய டேன்ஸ்பார்க் கோட்டைக்குள் சென்று அருங்காட்சியகத்தோடு முடித்துக்கொள்வோம். அதன்பின் கடற்கரையில் சாப்பாடு.

இந்த வழியில் நான் எதைத் தவறவிடுகிறேன் என்பதையும், பிள்ளைகளிடம் எதைத் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதையும் ஊரை அறிந்தவர்கள் எடுத்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெய்தல்நிலா:

ஐயா, உங்கள் வழியில் எந்தக் கட்டடமும் விடுபடவில்லை. ஆனால் ஊர் தொடங்கிய இடம் விடுபட்டுப் போயிற்று.

நகர வாயில் வழியாக நுழைகிறவர்களுக்குத் தரங்கம்பாடி என்பது டேனியர்கள் வந்து உண்டாக்கிய ஊர் என்ற எண்ணம் முதல் அடியிலேயே ஏற்பட்டுவிடுகிறது. பிறகு அதை மாற்றுவது கடினம். திடலுக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதை மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 ஆம் ஆண்டளவில் கட்டினார்கள். டேனியர்கள் கால் வைப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு துறைமுகமும், கோயிலுக்குத் தங்கள் வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கிக் கொடுக்கும் அளவுக்கு வசதி படைத்த வணிகர் கூட்டமும் இருந்தன என்பதற்கு அந்தக் கோயிலின் கல்வெட்டே சாட்சி. அதில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. அரசன் பெயரால் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கப்படுகிறது.

நான் சிறுமியாக இருந்தபோது அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டிருந்தது. அலை வந்து மோதும் செங்கல் சுவரும் அதன்மேல் சாய்ந்த விமானமுமாக நின்ற அந்தக் காட்சியைப் பார்க்க, படம் எடுக்கிறவர்கள் வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். இப்போது பக்கத்திலேயே புதிதாகக் கட்டிக் குடமுழுக்கும் செய்துவிட்டார்கள். பழைய அழகு போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. சாமி கும்பிடுகிறவர்களுக்கு அந்த வருத்தம் இல்லை.

கோயிலில் தொடங்குங்கள். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மேற்கு நோக்கி நடந்து, நகர வாயிலில் முடியுங்கள். இந்த ஊருக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் அந்த வழியாகத்தான் வந்தார்கள்.

சுவடிப்பித்தன்:

நெய்தல்நிலா அம்மையார் சொன்ன கல்வெட்டுப் பெயரிலிருந்தே என் குறிப்பைத் தொடங்குகிறேன். சுற்றுலாத் துண்டறிக்கைகள் அனைத்தும் தரங்கம்பாடி என்பதற்கு ‘அலைகள் பாடும் இடம்’ என்று பொருள் எழுதுகின்றன. தரங்கம் அலைதான், அதில் ஐயமில்லை. பாடி என்பதைப் பாடுதல் என்ற வினையோடு இணைப்பதுதான் எனக்கு ஒவ்வாதது. வாணியம்பாடியில் யாரும் பாடவில்லை. ஆயர்பாடியில் ஆயர்கள் குடியிருந்தார்கள். பாடி என்றால் குடியிருப்பு, சில இடங்களில் படை தங்கும் இடம். சடங்கன்பாடி என்ற பழைய பெயரையும் அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் சிக்கல் ஒன்றும் எழுவதில்லை. பிள்ளைகளிடம் ‘அலை அடிக்கும் குடியிருப்பு’ என்று சொல்லுங்கள். அதிலும் அழகு குறைந்துவிடவில்லை.

அடுத்தது, ‘முதல்’ என்ற சொல். தரங்கம்பாடியில் கல் நட்ட இடமெல்லாம் இந்தியாவிலேயே முதலாவது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழிகாட்டியோடு நடந்தபோது, இந்தியாவின் முதல் அச்சகம், தமிழின் முதல் அச்சு நூல் ஆகிய இரண்டுமே இங்கேதான் தோன்றின என்று அவர் உரக்கச் சொன்னார். உடன் வந்தவர்கள் கைதட்டவும் செய்தார்கள். இரண்டும் தவறு. கோவாவில் 1556 இலேயே அச்சுப்பொறி இயங்கியது. தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சிட்ட நூல் 1578 இல் கொல்லத்தில் வெளியாயிற்று. அதைச் செய்தவர் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கு அடிகளார் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார். சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய 1706 ஆம் ஆண்டுக்கும் அதற்கும் இடையே நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

ஆனால் இந்தத் திருத்தத்தோடு நிறுத்திவிட்டால் தரங்கம்பாடிக்கு அநியாயம் செய்தவர்களாவோம். போர்த்துக்கீசியர் தொடங்கிய தமிழ் அச்சு தொடர்ந்து வளராமல் நின்றுபோனது. தரங்கம்பாடியில்தான் அது நிலைகொண்டது. இலண்டனிலிருந்து அனுப்பிய அச்சுப்பொறி ஏறிவந்த கப்பல் வழியில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, ஒருவாறு மீண்டு வந்தது. தமிழ் எழுத்துருக்களைச் செருமனியின் ஹல்லே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். வந்து சேர்ந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கும் தாள் பாதிக்கும் போதாது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். தாளுக்காகப் பொறையாற்றில் ஒரு காகித ஆலையையே ஏற்படுத்தினார்கள். இத்தனைக்கும் பிறகு 1715 இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாயிற்று. ‘முதல்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவதைவிட, எழுத்து பெரிதாக இருந்ததால் ஓர் ஊரில் எழுத்து வார்க்கும் பட்டறையும் பக்கத்து ஊரில் காகித ஆலையும் தோன்றின என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

மாயூரத்து வாத்தியார்:

சுவடிப்பித்தன் அவர்களே, முதல் அச்சகம் என்று நானும்தான் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

நெய்தல்நிலா அம்மா, கோயிலிலிருந்து தொடங்கச் சொல்வதன் காரணம் புரிகிறது. ஆனால் எனக்கு இரண்டு தயக்கங்கள் இருக்கின்றன. பேருந்து நகர வாயிலுக்கு வெளியேதான் நிற்கும். கோயில்வரை பிள்ளைகளை நடத்திச் சென்று அங்கிருந்து தொடங்குவதென்றால், பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ராஜ வீதி முழுவதையும் கடக்க வேண்டியிருக்கும். முப்பது பிள்ளைகளிடம் அது நடக்காது. இரண்டாவது, கோயில் இப்போது புதுக் கட்டடம். பழமையின் முதல் தடயமாகப் புதிய வண்ணம் பூசிய கோபுரத்தைக் காட்டினால் அவர்கள் நம்புவார்களா?

கோட்டைமேட்டார்:

வாத்தியாரின் இரண்டாவது தயக்கத்திற்கு என்னால் விடை சொல்ல முடியாது. கடல் வழியாக வந்தவர்களின் கதையைக் கடற்கரையில் சொல்வதே பொருத்தம் என்பதற்கு மட்டும் ஒரு காரணம் தருகிறேன்.

டேனியர்கள் தரங்கம்பாடியைத் தேடி வரவில்லை. கண்டி அரசர் செனரத் போர்த்துக்கீசியருக்கு எதிராக ஐரோப்பியத் துணை வேண்டியதை நம்பி, இலங்கைக்கென்று புறப்பட்டவர்கள் அவர்கள். 1616 இல் தொடங்கிய டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் ஓவே கெத்தே என்ற இளம் தளபதியின் தலைமையில் 1620 இல் இலங்கையை அடைந்தபோது, அங்கே எதிர்பார்த்த உடன்பாடு கைகூடவில்லை. அவருக்கு முன்னதாகவே வந்திருந்த ஒரு கப்பலைப் போர்த்துக்கீசியர் காரைக்காலுக்கு அருகில் தாக்கி அழித்துவிட்டார்கள். அதிலிருந்து உயிர்தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை நாயக்கரின் அரசவையைச் சென்றடைந்தார். தற்செயலாக அமைந்த அந்தத் தொடர்பின் வழியாகத்தான் 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதிய மடல் கோபன்ஹேகனில் இன்றும் இருக்கிறது. இலங்கையில் தோற்ற காரியத்தின் மிச்சம்தான் டேன்ஸ்பார்க் கோட்டை.

கோட்டைக்குள் போனபின் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய கதை வேறொன்றும் உண்டு. 1640களின் தொடக்கத்திற்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது நின்றுபோயிற்று. ஐரோப்பாவில் போர், கம்பெனியில் பணமில்லை, இந்தக் கோட்டை ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்களோ என்று சொல்லும்படி கால் நூற்றாண்டுக்கும் மேல் ஒரு கப்பலும் எட்டிப் பார்க்கவில்லை. இருந்த டேனியர்கள் ஒவ்வொருவராக இறந்தோ ஓடியோ போக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்பவர் பொறுப்பேற்று, உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் கைவிடாமல் காத்தார். வங்காளக் கடலில் பிறர் கப்பல்களை மடக்கிப் பிழைத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1669 இல் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் மறுபடி வந்தபோது டேனியக் கொடி கீழிறங்காமல் பறந்துகொண்டிருந்தது. இந்த ஊரைச் சுற்றி மதில் எழுந்ததும் அவர் காலத்தில்தான். வாத்தியார் ஐயா காட்டப்போகும் 1792 ஆம் ஆண்டு வாயில் அந்த மதிலில் இருந்த பழைய வாயிலுக்குப் பதிலாகக் கட்டப்பட்டது.

கோட்டையின் அடித்தளத்து அறைகளைக் காட்டும்போது பண்டகசாலை, சமையலறை, மதுக் கிடங்கு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடாதீர்கள். அங்கே சிறையும் இருந்தது. மிளகும் துணியும் ஏற்றிய அதே கரையிலிருந்து 17 ஆம் நூற்றாண்டில் மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஊர்க்காரன்:

மேலே எழுதியவர்கள் அனைவரும் படித்தவர்கள். நான் இந்த ஊரின் மீனவர் குடியிருப்பில் பிறந்தவன். இப்போது வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன். இதுவரை வந்த எந்தப் பதிவிலும் எங்கள் தெரு இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வரலாற்று நடை என்று வருகிறவர்கள் மதிலுக்குள் இருந்த ஊரைப் பார்க்கிறார்கள். கடற்கரைக்கு வந்தால் எங்கள் படகுகளை முன்னால் வைத்துக் கோட்டையைப் படம் எடுக்கிறார்கள். கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்ட காலத்தில், பொதியையும் ஆட்களையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது யாருடைய படகு என்று அவர்களில் எவரும் கேட்டதில்லை. இங்கே கப்பல் வந்து அணையும் துறைமேடை இருந்ததில்லை. சோழமண்டலக் கரையில் அலையைத் தாண்டுவது தனித்திறமை. சீகன்பால்கு உட்பட இங்கே இறங்கிய ஒவ்வொருவரும் எங்கள் முன்னோரை நம்பித்தான் இறங்கினார்கள். கடற்கரையில் அவர் வந்திறங்கிய இடத்திற்கு நினைவுத்தூண் இருக்கிறது. இறக்கிவிட்டவர்களுக்கு எதுவும் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று நடந்ததையும் வழிகாட்டிகள் ‘சுனாமியில் கோட்டைக்குச் சேதமில்லை’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குச் சேதமில்லாமல் இருந்திருக்கலாம். எங்கள் குடியிருப்பில் வீடுவீடாக இழவு விழுந்தது. அதற்குப் பிறகு கட்டிய வீடுகள், இடம்பெயர்ந்த குடும்பங்கள், கரையோரம் கொட்டியிருக்கும் கருங்கல் தடுப்பு ஆகியவையும் இந்த ஊரின் வரலாறுதான். கல் கொட்டியதால் கோட்டையும் கோயிலும் ஓரளவு தப்பித்தன. ஆனால் படகை ஏற்றி வைக்கும் மணல் குறைந்துபோனது.

வாத்தியார் ஐயாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை எங்கள் தெருவுக்குள் ஊர்வலமாக அழைத்து வந்து காட்சிப்பொருளாக்க வேண்டாம். காலை ஏலம் நடக்கும் நேரத்தில் ஓரமாக நின்று பார்த்தால் போதும். வலை பின்னுகிறவரிடம் அனுமதி கேட்டுப் பேசச் சொல்லுங்கள். பேசுவார்கள்.

வேதியியல் மாணவி:

இதையும் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் நிறைந்த காற்று வீசுகிறது, அதைச் சுவாசித்தால் உடலுக்கு நல்லது என்று எங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் அது நுரையீரலை எரிச்சலூட்டும் மாசு. கடற்காற்றுக்குரிய அந்த மணம் பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்கள் வெளிவிடும் கந்தகச் சேர்மத்தால் வருவது. ஐரோப்பாவில் 19 ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் கடற்கரைக் காற்றை ஓசோன் என்று நம்பிப் பரிந்துரைத்தார்கள். அந்த நம்பிக்கை எப்படியோ நம் ஊர்ப் பெயர்ப்பலகைவரை வந்து சேர்ந்திருக்கிறது.

நெய்தல்நிலா:

ஊர்க்காரன் தம்பி, நீங்கள் எழுதியது எனக்கும் குட்டுத்தான். நானும் கோயிலைச் சொன்னேனே தவிர அதற்கு அடுத்த தெருவைச் சொல்லவில்லை.

வாத்தியாரின் முதல் தயக்கத்திற்கு ஒரு வழி இருக்கிறது. நகர வாயிலுக்குள் நுழைந்ததும் ராஜ வீதியில் நேரே போகாமல், அதற்கு இணையாக ஓடும் வேறொரு தெருவில் திரும்பிக் கடற்கரைக்குச் செல்லுங்கள். தட்டார் தெருவில் நடந்தால் பிள்ளைகளுக்கு நாட்டு வீடு எப்படி இருந்தது என்பது தெரியும். சுனாமிக்குப் பிறகு, பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு டேனியர்கள் தந்த பொருளுதவியோடு அங்கே பல வீடுகளைப் பழைய முறைப்படி செப்பனிட்டது. தெருவை ஒட்டிய திண்ணை, மரத்தூண், உள்ளே முற்றம், மேலே ஓடு. அதே நாளில் ராஜ வீதியில் தடித்த சுவரும் உயர்ந்த தூணும் கொண்ட வீடுகளைப் பார்க்கும்போது, அங்கும் முன்னால் ஒரு தாழ்வாரம் இருப்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வந்தவர்கள் நம் வெயிலிடம் கற்றுக்கொண்ட பாடம் அது. ஐரோப்பிய வீடு, தமிழ் வீடு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் அந்தத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள்.

பள்ளிவாசல் தெருவையும் விட்டுவிடாதீர்கள். கடல் வணிகத்தில் தேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள் மதிலுக்குள்ளேயே வாழ்ந்த ஊர் இது. ஒரு சிற்றூருக்குள் கோயிலும், பள்ளிவாசலும், டேனியருக்கென்று ஒரு தேவாலயமும், தமிழ்க் கிறித்தவருக்கென்று ஒரு தேவாலயமும் ஒன்றின் மணியோசையோ பாங்கோசையோ மற்றொன்றுக்குக் கேட்கும் தொலைவில் இருக்கின்றன. தேவாலயங்கள் ஏன் இரண்டு என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

சுவடிப்பித்தன்:

அந்தக் கேள்விக்கு விடை கூறும் பொறுப்பை நான் ஏற்கிறேன். சீயோன் ஆலயம் கோட்டையின் டேனியர்களுக்கானது. சீகன்பால்கு தமிழ்ச் சபைக்காகக் கட்டியதே எருசலேம் ஆலயம். முகப்பில் நான்காம் பிரெடெரிக் அரசரின் பெயர்ச்சின்னம் கிரீடத்தோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சின்னத்தைக் காட்டிவிட்டு உள்ளே சென்றால், பீடத்தருகே சீகன்பால்குவின் கல்லறையைக் காணலாம். ஆலயத்தை 1718 அக்டோபரில் அர்ப்பணித்தார். 1719 பிப்ரவரியில் இறந்தார். வயது முப்பத்தாறு.

அரசர் அனுப்பிய பாதிரியாரை அரசரின் சொந்தக் கோட்டையிலேயே சிறைவைத்த செய்தியும் இங்கே பொருந்தும். ஹாசியஸ் என்ற கோட்டைத் தளபதிக்கு இந்தப் பாதிரிமார் உள்ளூர் வழக்குகளில் தலையிடுவது பிடிக்கவில்லை. 1708 இன் இறுதியில் சீகன்பால்குவைப் பிடித்து நான்கு மாதங்கள் டேன்ஸ்பார்க்கில் அடைத்து வைத்தார். ‘டேனியர்கள்’ என்று ஒரே சொல்லில் அனைவரையும் அடக்கிப் பேசாமலிருக்க இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

இன்னொரு வகையிலும் அவரைத் தனிமனிதராகக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அவர் தமிழ் கற்றது இங்குள்ள திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அழகப்பன் என்ற உள்ளூர்க்காரர் மொழிபெயர்ப்பாளராக அவருக்கு உதவினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துக் கொடுத்தவர்களும், படித்துப் பொருள் சொன்னவர்களும் தமிழர்கள். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைப் பட்டியலிட்டு அவர் 1708 இல் ஒரு குறிப்பேடு எழுத முடிந்ததற்கு அவருடைய உழைப்பு எவ்வளவு காரணமோ அவ்வளவு இவர்களும் காரணம். தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713 இல் பெரிய நூல் ஒன்றை எழுதி அவர் ஹல்லேக்கு அனுப்பியபோது, அங்கிருந்தவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். அது 1867 இல்தான் சென்னையில் வெளிவந்தது.

அவர் வாழ்ந்த வீட்டை இப்போது அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். உங்கள் வழியில் அது இல்லை. நேரம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டைமேட்டார்:

நண்பர்களே, இத்தனை கட்டடங்களும் எப்படித் தப்பிப் பிழைத்தன என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டியவற்றில் மிஞ்சியவை சொற்பம். தரங்கம்பாடியில் தெருக்களின் அமைப்பே 18 ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் இருப்பதுபோல் இருக்கிறது. இதற்கு யாருடைய வரலாற்றுணர்வும் காரணமன்று. ஊர் நொடித்துப்போனதுதான் காரணம்.

நெப்போலியன் காலத்துப் போரில் 1808 இல் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றி 1815 வரை வைத்திருந்தார்கள். திரும்பக் கிடைத்தபோது வணிகம் கைநழுவிவிட்டிருந்தது. 1845 இல் டென்மார்க் அரசு, வங்காளத்துச் சீராம்பூரையும் இதையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டது. சில காலம் தஞ்சை மாவட்ட ஆட்சியர் இங்கே இருந்தார். இன்று தங்கும் விடுதியாக இருக்கும் கடலோரப் பங்களா அந்தக் காலத்து ஆட்சியரின் இல்லம். 1861 இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இரயில் ஓடத் தொடங்கியதும் கப்பல்காரர்கள் அனைவரும் அங்கே போய்விட்டார்கள். தரங்கம்பாடிக்கு இரயில் வந்தது 1926 இல். மயிலாடுதுறையிலிருந்து வந்த அந்தச் சிறிய பாதையையும் 1980களில் மூடிவிட்டார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பணமுள்ளவர்கள் யாரும் இங்கே தங்கவில்லை என்பதால்தான் பழையவை நின்றன. கோட்டையும்கூட 1970களின் இறுதியில் தொல்லியல் துறையின் கைக்கு வரும்வரை பயணியர் விடுதியாகத்தான் பயன்பட்டது.

ஊர்க்காரன்:

அந்த இரயிலில் என் பாட்டி மீன் கூடையோடு மாயவரம் சந்தைக்குப் போய் வந்தவர். பாதை மூடியபிறகு பேருந்தில் கூடையை ஏற்ற நடத்துநர்கள் முகம் சுளித்ததை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பழைய தண்டவாளப் பாதையின் மேடு பொறையாற்றுப் பக்கம் இன்னும் சில இடங்களில் தெரியும். பேருந்து அந்த வழியாக வரும்போது பிள்ளைகளுக்கு ஜன்னலிலிருந்தே காட்டலாம்.

மாயூரத்து வாத்தியார்:

அனைவருக்கும் நன்றி. வழியை மாற்றி எழுதிவிட்டேன்.

நகர வாயிலில் இறங்குவோம். ஆனால் அங்கே நிற்காமல், நெய்தல்நிலா அம்மா சொன்னபடி தட்டார் தெரு வழியாகக் கடற்கரைக்குப் போவோம். காலை ஏழரைக்கு அங்கே இருந்தால் ஏலத்தின் கடைசிப் பகுதியையாவது பார்க்கலாம் என நினைக்கிறேன். ஊர்க்காரன் தம்பி கேட்டுக்கொண்டபடி ஓரமாகத்தான் நிற்போம். சீகன்பால்கு இறங்கிய இடத்தின் தூணருகே நின்று, இறக்கிவிட்டவர்களைப் பற்றி முதலில் பேசுவேன். அடுத்து மாசிலாமணிநாதர் கோயில். புதுக் கட்டடம் பற்றிய என் தயக்கம் நீங்கிவிட்டது. கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதைக் காட்ட அந்தப் புதுமையே உதவும். பழைய கோயிலின் நிழற்படம் ஒன்றைக் கையில் எடுத்துச்சென்று, நின்ற இடத்திலேயே ஒப்பிடச் சொல்வேன்.

பிறகு கோட்டை, ஆளுநர் மாளிகை, இரண்டு தேவாலயங்கள். பள்ளிவாசல் தெருவைத் தொட்டுக்கொண்டு ராஜ வீதிக்குத் திரும்பி, நகர வாயிலை வெளியேறும்போது காட்டுவோம். சீகன்பால்குவின் வீட்டிற்கு நேரம் கிடைக்குமா என்பது பிள்ளைகளின் கால்களைப் பொறுத்தது. ‘முதல்’ என்ற சொல்லை நான் பயன்படுத்தினால் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கும்படி மாணவர்களிடமே சொல்லி வைக்கப்போகிறேன்.

நெய்தல்நிலா:

மிக நன்று ஐயா. ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோட்டை அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாள்களிலும் காலை பத்து மணிக்கு முன்பு திறக்க மாட்டார்கள். ஏழரைக்கு ஏலம் என்றால் கோயிலைப் பார்த்து முடித்தபின்னும் ஒரு மணி நேரத்திற்கு மேல் கையில் இருக்கும். அந்த நேரத்தில் சிற்றுண்டியை வைத்துக்கொள்ளுங்கள். திடலில் நிழல் கிடையாது.

ஊர்க்காரன்:

மார்கழியில் வாடைக்காற்று பலமாக இருந்தால் படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது ஏலமும் இருக்காது. முந்தைய நாள் மாலை இங்கே ஒரு வரி எழுதுங்கள் ஐயா. என் அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன்.